பாபநாசம் சொன்னால் தலைகீழ்

பாய்,

பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் நினைப்பு வந்தது. தஞ்சாவூர் போகிற வழியில், அய்யம்பேட்டை தாண்டியதும் என் வண்டியின் பின் சக்கரம் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே போனால் ஒரு புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிய கடை. அந்த ஆள் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று வாயால் ஊதினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் மன்னார்குடியில் உங்கள் கடை பெஞ்சில் இருந்தேன்.

வாசனையோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தார்ப்பாயின் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டு ஒரு ஹாக்கி ஸ்டிக் நின்றது. கைப்பிடி மண்ணுக்குள், வளைவு மேலே. விரிசல் விட்ட இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள், நீங்கள் சுற்றுகிற மாதிரியே. அது யாருடையது என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் சைக்கிள் கடை பள்ளிக்கூட கிரவுண்டுக்கு நேர் எதிரே இருந்தது. நான் கும்பகோணத்தில் டீசல் எஞ்சின் சாமான் விற்கிற ஒரு கடைக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பவன். வியாழக்கிழமை எனக்கு மன்னார்குடி லைன். பம்ப்செட் கடைகளை மத்தியானத்துக்குள் அவசரம் அவசரமாக முடித்துவிட்டு உங்களிடம் வந்துவிடுவேன். நீங்கள் ஏதாவது சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நிமிராமலே கேட்பீர்கள்: "வாங்க பாபநாசம், இந்த வருசம் யாரைத் தூக்குறீங்க?" அத்தனை வருடப் பழக்கத்தில் என் பெயரை நீங்கள் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை, என் ஊர்ப் பெயர்தான். எனக்கும் நீங்கள் பாய்தான்.

கோடை டோர்னமெண்டைப் பார்க்க ஊரே வரும். வெளியூரிலிருந்து ஒரு வங்கி அணி, ரயில்வே அணி, ராணுவ அணி என்று வந்து இறங்குவார்கள். உங்கள் ஊர் கிளப்பும் எங்கள் ஊர் கிளப்பும் அவர்களிடம் உதை வாங்கிவிட்டு, ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வதில் ஆறுதல் தேடும். ஆனால் நம் இருவருக்கும் சீசன் ஆரம்பிப்பது அதெல்லாம் முடிந்து, மூங்கில் கேலரியைப் பிரித்து லாரியில் ஏற்றிய மறுநாள்தான். எந்த அணி யாரை விடுகிறது, யாரை எடுக்கிறது, எவன் எந்த ஊருக்குப் போகிறான். பேப்பரில் ஒரு வரி வராது. லீவில் வந்த ஆட்டக்காரன் சொன்னது, அவன் மச்சான் சொன்னது, பஸ் கண்டக்டர் கேட்டுக்கொண்டு வந்தது, இவைதான் நமக்குச் செய்தி.

பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல ஒவ்வொரு அணியையும் விசாரிப்பீர்கள். வேலை பெர்மனன்டா? குவார்ட்டர்ஸ் உண்டா? முட்டி போய்விட்டால் நாற்காலியில் உட்கார வைப்பார்களா, வாசலைக் காட்டுவார்களா? ரயில்வேயில் பாஸ் உண்டு என்று நான் சொன்னால், பாஸை வைத்துக்கொண்டு எங்கே போவது, ஆட்டம் இருந்தால்தானே போக முடியும் என்று மடக்குவீர்கள். வங்கி என்றால் உங்களுக்கு ஒரு மயக்கம். ஃபேன் அடியில் உட்கார்ந்து வாழ்நாள் பூராவும் சம்பளம், இடையில் சாயங்காலம் ஹாக்கி. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்பீர்கள்.

நம் ஊர் கிளப்புகளுக்குள் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. கிளப் மாறுகிறவன் ஆடிப்பெருக்குக்குள் மாறிவிட வேண்டும். அன்றைக்கு ஆற்றுக்குப் போய்ப் படையல் போட்டுவிட்டு வந்தால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் எவனையும் எவனும் இழுக்கக் கூடாது. அதனால் டோர்னமெண்ட் முடிந்ததிலிருந்து ஆடிப்பெருக்குவரை நம் இரண்டு பேர் வாயிலும் உண்மை வராது. ஒருமுறை எங்கள் கிளப் கும்பகோணம் ஃபுல் பேக்கைப் பேசிக்கொண்டிருக்கிறது என்று உங்களிடம் ரகசியம்போலச் சொன்னேன். நீங்கள் ஆளைப் பிடித்துக் கும்பகோணத்துக்கு அனுப்பினீர்கள். அதற்குள் உங்கள் சென்டர் ஹாஃபுக்கு எங்கள் ஊர் ரைஸ்மில்லில் வேலை போட்டுக் கொடுத்து நாங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டோம். அடுத்த வியாழக்கிழமை டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த விதியை அறிவித்தீர்கள். கடையில் இருந்த எல்லாரும் கேட்கும்படி.

"இன்னையிலேருந்து பாபநாசம் எது சொன்னாலும் தலைகீழா எடுத்துக்கணும். மழைன்னா வெயிலு. வெயிலுன்னா குடை எடுத்துக்கங்க."

அதற்கப்புறம் நீங்கள் பழிவாங்காமலா விட்டீர்கள். உங்கள் தம்பி ஜாபருக்கு முட்டி வீங்கியிருக்கிறது, இந்த வருடம் இறங்க மாட்டான் என்று என்னிடம் சொல்லி, நானும் ஊரில் போய்ச் சொல்லி, கடைசியில் அவன் எங்களுக்கு நாலு கோல் போட்டான்.

ஜாபரை அந்த மண் கிரவுண்டில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரைட் இன். பந்து ஸ்டிக்கை விட்டுப் பிரியாது. முன்னால் நிற்பவனை இடப்பக்கம் சாய வைத்துவிட்டு வலப்பக்கம் போய்விடுவான். சாய்ந்தவன் எழுந்து பார்க்கும்போது கோல் விழுந்திருக்கும். எதிரணிக்காரனான எனக்கே கை தட்டத் தோன்றும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. நீங்கள்தான் வளர்த்தீர்கள். அவனுக்கு ஒரு வேலை, ஹாக்கியால் ஒரு வேலை. உங்கள் ஆசையெல்லாம் அதில்தான் இருந்தது. அந்தக் கோடையில் வங்கி அணியின் கோச் ஆட்டம் முடிந்து அவன் முதுகில் தட்டி, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே மாதம் சென்னைப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனி அணி கட்டுகிறது, ஜாபரைக் கேட்கிறார்கள் என்று ஆள் வந்தது. ஷெட்டில் வேலை, தங்க இடம், ஆட சிந்தெடிக் மைதானம். ஆனால் பெர்மனன்ட் கிடையாது. இரண்டு வருட காண்ட்ராக்ட்.

அந்த வருடம் ஆடி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் இல்லை. பம்ப்செட் உள்ளவன் மட்டும் நாற்றங்கால் போட்டிருந்தான். என் லைனில் வசூல் சுத்தமாகப் படுத்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு முந்தின வியாழக்கிழமை நான் வந்தபோது நீங்கள் கோட்டம் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஜாபர் உள்ளே செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். வங்கிகள் இனி ஆள் எடுக்காது என்று எங்கள் ஊரில் பேச்சு இருக்கிறது, கோச் தட்டியது தட்டியதுதான், அனுப்பிவையுங்கள் என்றேன். இரண்டு வருடம் சென்னையில் ஆடினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் உங்களிடம் பேசியதில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"ஜாபர் இல்லன்னா அடுத்த வருசம் கப்பு யாருக்குங்க? சொல்லுங்க."

"எங்களுக்குத்தான். அதுக்காகச் சொல்லல பாய்."

"பாபநாசம் போகச் சொல்லுது. அப்ப போகக் கூடாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். பிறகு நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, காண்ட்ராக்ட் என்றால் அறுப்புக்கு வருகிற ஆள் மாதிரி, களம் காலியானதும் கிளம்பு என்பான், என் தம்பிக்கு அது வேண்டாம் என்றீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் தலைமுறையில் பெர்மனன்ட் என்ற சொல்லுக்காக எத்தனையோ பேர் எதையெதையோ விட்டார்கள். எனக்குக் கோபம் அதில் இல்லை. நான் சொன்னதால் அதை நீங்கள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்பதில்தான். வேறு எவன் வந்து அதையே சொல்லியிருந்தாலும் ஒரு ராத்திரி யோசித்திருப்பீர்கள். ஜாபர் உள்ளே செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆடிப்பெருக்கு வந்தது. வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் படையல் போட்டார்கள். ஜாபருக்குக் கேட்டிருந்த இடத்துக்குக் கரந்தையிலிருந்து ஒரு பையன் போனான் என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த கோடையில் வங்கி அணி வந்தது. அந்த கோச் வரவில்லை. அதற்கடுத்த கோடையில் வங்கி அணியே வரவில்லை. விளையாட்டுக்காரர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், உள்ளே இருப்பவர்களையே வீட்டுக்கு அனுப்பத் திட்டம் இருக்கிறது என்றார்கள். ஜாபர் இரண்டு இடங்களுக்குத் தேர்வுக்குப் போய் வந்தான். இரண்டும் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மைதானம். நம் மண்ணில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு போகிறவனை அங்கே நாலு பேர் ஓடியே தாண்டிவிட்டார்களாம். நாம் இரண்டு பேரும் வருடக்கணக்காக எடைபோட்ட ஆட்டம் ஒன்று, அங்கே நடந்துகொண்டிருந்த ஆட்டம் வேறு. அது நமக்குத் தெரியவே இல்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். உங்கள் கோல்கீப்பர் துபாய். எங்கள் சென்டர் ஃபார்வர்டு சிங்கப்பூர். நாங்கள் திருடிக்கொண்டு போன சென்டர் ஹாஃபும் ரைஸ்மில்லை விட்டுவிட்டு மலேசியா போனான். வியாழக்கிழமை பெஞ்சில் நாம் பேசிய பேச்சு மட்டும் மாறவில்லை. எந்த ஏஜெண்ட் யாரை அனுப்புகிறான், எந்தக் கம்பெனியில் சாப்பாடு, எங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். அதே மாப்பிள்ளை விசாரிப்பு. ஆடிப்பெருக்குக்குள் போனால் நல்லது என்று யாரோ விளையாட்டாகச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

ஜாபருக்கு விசா வந்தது. சவுதியில், தமாமில் ஒரு குளிர்சாதனக் கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிற வேலை. நீங்கள் பேப்பரை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். இரண்டு வருட காண்ட்ராக்ட் என்று இருந்தது. நான் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. நீங்களும் ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்று உங்கள் முகம் சொன்னது. அந்த இரண்டு வருடத்தைத்தான் அவன் இன்றுவரை திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கொண்டிருக்கிறான்.

டோர்னமெண்ட் நின்றது. வாடகை சைக்கிள் போனது. கடையில் பாதியை செல்போன் கடைக்கு விட்டீர்கள். எனக்கும் லைன் போய்விட்டது. எங்கள் முதலாளி கடையை மூடினார். நான் குத்தகை நிலத்தைப் பார்க்கப் போனேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டோம். அப்போதெல்லாம் ஹாக்கியைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த அந்தக் கடைசிச் சாயங்காலம். வார்டு நடைபாதையில் கூடக் கட்டில் போட்டிருந்தார்கள். உங்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருந்தது. அதையும் நான் ஒரு பெருமைபோலச் சொன்னேன். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீங்க சொன்னதக் கேட்டு அனுப்பியிருக்கணும், பாபநாசம். அவன் வாழ்க்கைய நான்தான் மண்ணாக்கிட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை பாய், அங்கே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன், எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனசுக்குள் அவன் போயிருந்தால் நன்றாக இருந்திருப்பான் என்றுதான் இருந்தது. நீங்கள் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தீர்கள்.

"நீங்களும் ஜாபரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றீங்க. பாபநாசம் தப்பு இல்லைங்குது. அப்ப தப்புதான்."

ஜாபர் எதற்கு இதில் வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் உங்கள் மருமகன் போன் செய்தார். மாமா மௌத்தாகிவிட்டார் என்றார். நான் வந்துசேர்ந்தபோது பள்ளிவாசல் கபர்ஸ்தானில் தோண்டிய குழியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜாபருக்கு லீவு கொடுக்கவில்லை. ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, அதிலேயே அவன் உங்களைக் கடைசியாகப் பார்த்தான். படம் நின்று நின்று வந்தது.

இப்போது அந்தப் பஞ்சர் கடைக்காரர். ஸ்டிக் என்னுடையதுதான் அண்ணே என்றார். எந்த ஊர் என்றேன். கரந்தை. எந்த டீமில் ஆடினீர்கள் என்றேன். கம்பெனிப் பெயரைச் சொன்னார். பாய், அது அந்தக் கம்பெனி. ஜாபருக்கு வேண்டாம் என்று நீங்கள் சொன்ன இடத்துக்குப் போன பையன் இவர்தான். இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது.

நான் மன்னார்குடி ஜாபரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா, அவர் வராததால்தானே எனக்கு இடம் கிடைத்தது என்றார். பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, யாருக்கோ நடந்த கதைபோலச் சொன்னார். ஒரே ஒரு சீசன் ஆடினார்களாம். இரண்டாவது வருடம் வெளிநாட்டுப் பங்காளி கம்பெனியை முழுக்க எடுத்துக்கொண்டு, உற்பத்திக்கு உதவாதது எல்லாவற்றையும் நிறுத்தினான். முதலில் நின்றது ஹாக்கி அணி. ஆட்டக்காரர்களைப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு அனுப்பினார்கள், அப்புறம் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள்.

"ரெண்டு வருசம்னு எழுதிக் குடுத்தாங்கண்ணே. அதக்கூட முடிக்க விடல."

அவரும் மலேசியா போய், முதுகைக் கெடுத்துக்கொண்டு திரும்பி, இந்தப் புளியமரத்தடிக்கு வந்திருக்கிறார். ஜாபர் தப்பிச்சுட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். காற்று அடித்துக் கொடுத்தார், வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்தது, பாய். மறைக்க என்ன இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருந்தாலும் இதேதான். நான் சொன்னது சரியும் இல்லை, நீங்கள் செய்தது தப்பும் இல்லை. எந்தப் பக்கம் போயிருந்தாலும் அந்தப் பிள்ளை பெட்டிதான் தூக்கியிருப்பான். இத்தனை வருடம் உங்களைத் தின்ற ஒன்று வெறும் காற்று. அதை உங்களிடம் வந்து சொல்ல எனக்கு வியாழக்கிழமையும் இல்லை, பெஞ்சும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல முடியாததை ஜாபருக்காவது சொல்லலாம் என்று தமாமுக்குப் போன் போட்டேன். அவன் ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்தான். முழுக்கக் கேட்டுக்கொண்டான். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணே. இங்க வந்த மொத வருசமே தெரியும். அந்த டீம்ல ஆடுனவன் ஒருத்தன் எங்க ரூம்லயே இருந்தான்."

பாயிடம் சொல்லவில்லையா என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் பின்னால் யாரோ தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"எத்தனையோ தடவ சொன்னேன். அண்ணன் நம்பல. இது பாபநாசம் சொல்லிக் குடுத்து நீ சொல்றேன்னாரு."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது காய்ச்சல் பேச்சு இல்லை என்று இப்போது புரிகிறது. உங்களிடம் உண்மை வந்து சேர்ந்திருக்கிறது. அதில் என் வாசனை அடித்ததால் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

இந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தது. படித்துறையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், யார் எங்கே என்று மனசுக்குள் ஒரு சுற்று வந்தேன். நம் இரண்டு கிளப்பிலும் ஊரில் மிஞ்சியவன் ஒருவனும் இல்லை. அப்போதுதான் அது தோன்றியது. அன்றைக்கு உங்கள் கட்டிலருகே நான் ஆறுதல் சொல்லியிருக்கக் கூடாது. ஆமாம் பாய், தப்பு உங்களதுதான், நீங்கள்தான் அவனைக் கெடுத்தீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பாபநாசம் தப்பு என்கிறது, அப்படியென்றால் தப்பில்லை என்று திருப்பிப் போட்டுக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பீர்கள். எத்தனையோ பொய்யை உங்களிடம் கூசாமல் சொன்னவனுக்கு, வேண்டிய அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், பாய்.